ஆண் அறியாத ஆண் உடல்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசச் சொன்ன வாசகர் வட்டத்தாருக்கு முதலில் என் நன்றி. இப்படி ஒரு தலைப்பை நோட்டீஸில் அச்சடிக்கவே துணிவு வேண்டும். பெண்ணின் உடலைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. மாதவிலக்குக்குச் சடங்கு உண்டு, பிரசவத்துக்குப் பத்தியம் உண்டு, கருப்பைக்குப் பாட்டி வைத்தியம் உண்டு. ஆணின் உடலைப் பற்றி என்ன இருக்கிறது? பையனுக்குக் குரல் உடைந்தால் வீட்டில் சிரிப்பார்கள். அதற்கு மேல் அப்பாவும் சொல்வதில்லை, வாத்தியாரும் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தால் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு சரி.

இப்படிச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர்களை நான் என் மேஜைக்கு எதிரே பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஆன பெண் வருவார். கையில் கனமான ஃபைல் இருக்கும். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருக்கும். கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனைகூட நடந்திருக்காது. கல்லூரி மாணவன் வருவான். தூக்கத்தில் விந்து வெளிப்பட்டதற்குப் பயந்து, கடன் வாங்கி லேகியம் சாப்பிட்டிருப்பான். பத்தாம் வகுப்புப் பையனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விதை வலித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று சொல்லியிருப்பான், ஒரு இரவு முழுக்க ஓமத் தண்ணீர் குடித்திருப்பான்.

ஆண் தன் உடலை அறியாமல் இருப்பதன் விலையை அவன் மனைவியும் மகனும் சேர்ந்து கொடுக்கிறார்கள். இதுதான் நான் இன்று சொல்ல வந்தது. அந்த உடல் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். ஆகவே உறுப்பு உறுப்பாகப் போவோம். பெயர்களைச் சொல்லும்போது யாரும் தலை குனிய வேண்டாம்.

ஏன் வெளியே?

மூளை, இதயம், ஈரல் எல்லாவற்றையும் எலும்புக்கும் தசைக்கும் உள்ளே பத்திரமாக வைத்திருக்கும் உடம்பு, விதைகள் இரண்டையும் வெறும் தோல்பைக்குள் வெளியே விட்டிருக்கிறது. அடிபட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் உறுப்பு அது. இருந்தும் ஏன் வெளியே? சூடுதான் காரணம். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. விந்தணு உருவாக அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும்.

அந்தக் குளிர்ச்சியைக் காப்பதற்கு அங்கே பல ஏற்பாடுகள் இருக்கின்றன. விரைப்பையின் தோலில் கொழுப்பு கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் நிறைய. குளிரும்போது தோலடித் தசை சுருங்கிப் பையை உடம்போடு ஒட்டவைக்கும். வெக்கையில் தளர்ந்து இறக்கிவிடும். விதைக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலைபோல் பின்னியிருக்கும். விதையிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தம், உள்ளே போகும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான ஆண்களுக்கு இடது விதை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அது குறையல்ல. அதையும் பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டு வரும் இளைஞர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

அந்தச் சிரைவலை சிலருக்கு வீங்கிப் புடைத்துவிடும். வேரிகோசீல் என்று பெயர். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இருக்கலாம், பெரும்பாலும் இடப்பக்கம். வலது சிரை நேரே உடலின் பெருஞ்சிரையில் சேர்கிறது. இடது சிரை மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அந்த நீண்ட வழியில் இரத்தம் தேங்க வாய்ப்பு அதிகம். பலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது. அவர்களுக்குச் சிறிய ஆபரேஷன் பலன் தரும்.

விதைகள் பிறக்கும் இடம் விரைப்பை அல்ல. கருவில் அவை சிறுநீரகத்தின் அருகே உருவாகி, ஏழாம் மாதத்தையொட்டித் தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு ஒரு விதையாவது இறங்காமல் நின்றிருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கினால் சரி. இல்லையென்றால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கி வைக்க வேண்டும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பள்ளிக்கூட வயதுவரை காத்திருப்பது தவறு. உள்ளே சூட்டில் கிடக்கும் விதை விந்தணு உருவாக்கும் திறனை இழக்கும், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கும் பாட்டிக்கும் இதைக் கண்டுபிடிப்பது எளிது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றும்போது பையில் இரண்டு விதையும் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். போதும்.

மேலிருந்து இறங்கி வந்ததால் இன்னொரு விளைவும் உண்டு. விதையின் நரம்புகள் தொப்புள் மட்டத்திலிருந்து வருபவை. அதனால் விதைக்கு ஆபத்து என்றால் வயிறும் சேர்ந்து வலிக்கும், வாந்தியும் வரும். ஓமத் தண்ணீர் குடித்த அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு வயிறும் வலித்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து சுற்றினால் கயிறு முறுக்கிக்கொள்கிறதல்லவா, அதுபோல விதை தன் தண்டின் மேலேயே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் நின்றுபோகும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இது அதிகம் வருகிறது. சில சமயம் தூக்கத்திலேயே வரும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் தாண்டினால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான்.

இங்கே இருக்கும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன். உங்கள் மகனிடம் இன்றிரவே சொல்லுங்கள்: "விதை திடீரென்று வலித்தால், நடுராத்திரியாக இருந்தாலும் என்னை எழுப்புடா." ஒரு நிமிடம்கூட ஆகாத பேச்சு. வயிற்றுவலி என்று வரும் பையனின் கீழாடையையும் விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் மறக்கக் கூடாது.

எழுபத்து நான்கு நாள்

இப்போது விதைக்குள் போவோம். 1668-இல் ரெக்னியர் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவர் ஆண் உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விதை என்பது திரண்ட சதை அல்ல, மெல்லிய குழாய்கள் சுருண்டு நிறைந்தது என்று அதில் காட்டினார். அவர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரத்திலேயே ஒரு துணி வியாபாரி இருந்தார். பெயர் ஆண்டனி வான் லேவன்ஹூக். தானே தேய்த்த கண்ணாடி வில்லைகளை வைத்து எதை எதையோ பார்த்துக்கொண்டிருந்த அவரை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிமுகப்படுத்தியவரும் டி கிராஃப்தான். 1677-இல் லேவன்ஹூக் விந்தைப் பார்த்தார். வாலாட்டி நீந்தும் உயிர்த்துளிகள் அங்கே இருந்தன. ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கினார். அந்த விந்து முறையான தாம்பத்தியத்தில் கிடைத்தது என்பது ஒன்று. படித்தவர்களுக்கு இது அருவருப்பாக இருந்தால் வெளியிட வேண்டாம் என்பது மற்றொன்று. உலகில் முதன்முதலாக விந்தணுவைப் பற்றி எழுதியவருக்கே இத்தனை தயக்கம். அவர்கள் வெளியிட்டார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

ஒரு விதையில் சுமார் 250 சிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நான்கு நுண்குழாய்கள் சுருண்டிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் சில நூறு மீட்டர் வரும். குழாயின் உட்சுவரில் விந்தணுவின் மூலச்செல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி ஊட்டம் கொடுப்பவை செர்ட்டோலி செல்கள். 1865-இல் என்ரிகோ செர்ட்டோலி கண்டறிந்தவை. குழாய்களுக்கு இடையில் இருக்கும் லேடிக் செல்கள்தாம் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஒரே உறுப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. விந்தணு குழாய்வழி வெளியே போகிறது. ஹார்மோன் இரத்தத்தின்வழி உடம்பெங்கும் போகிறது. இந்த இரண்டும் தனித்தனி வழி என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூலச்செல் ஒன்று பிளந்து, தன் 46 குரோமோசோம்களைப் பாதியாக்கி, வால் முளைத்து, விந்தணுவாக மாற ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. பருவ வயதில் தொடங்கும் இந்த வேலை முதுமைவரை நிற்பதில்லை. நாளொன்றுக்குப் பத்துக் கோடிக்கு மேல் விந்தணுக்கள் உருவாகின்றன. நொடிக்கு ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெண் குழந்தை தன் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். ஆண் தன் விந்தணுக்களை அன்றாடம் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கிறான்.

74 நாள் என்ற கணக்கு வெறும் தகவல் அல்ல. இன்று நீங்கள் கொடுக்கும் விந்தில் இருப்பது ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய வேலை. இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்திருந்தால் இன்றைய பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதனால் ஒரு தடவை குறைவாக வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வாழ்க்கையே முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதே கணக்குதான் நம்பிக்கையும் தருகிறது. சிகரெட்டை இன்று விட்டால், அந்தப் புகை படாத புதிய தலைமுறை விந்தணுக்கள் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

ஒரு துளி விந்தும் ஒரு மலை பயமும்

விதையை விட்டு வெளியே வரும் விந்தணு பார்க்க முழுமையாக இருக்கும், ஆனால் நீந்தத் தெரியாது. விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் அது ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பக்குவப்படுகிறது. நீட்டினால் ஆறு மீட்டர் நீளும் அந்தக் குழாயைக் கடக்கும்போதுதான் அதற்கு நீந்தும் திறன் வருகிறது. அங்கிருந்து விந்து நாளம். தொடையிடுக்கு வழியே வயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்னால் வளைந்து இறங்குகிறது. அங்கே விந்துப்பைகள் இரண்டும் புராஸ்டேட் சுரப்பியும் தங்கள் திரவங்களைச் சேர்க்கின்றன.

நாம் விந்து என்று சொல்லும் திரவத்தில் மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பையிலிருந்து வருகிறது. அதில் விந்தணுவுக்கு ஆற்றல் தரும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. கால் பங்கு போல புராஸ்டேட்டிலிருந்து வருகிறது. வெளிவந்ததும் உறையும் விந்தை அரைமணி நேரத்துக்குள் இளக்கிவிடும் நொதி அதிலிருந்துதான் வருகிறது. கோடிக்கணக்கான விந்தணுக்களும் சேர்ந்து மொத்த அளவில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இல்லை. மொத்தமே இரண்டிலிருந்து ஐந்து மில்லி. சிறுநீரும் விந்தும் ஒரே வழியில் வெளியேறினாலும் ஒன்றாக வருவதில்லை. விந்து வெளிப்படும்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ளும். பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த மூடல் சரியாக நடக்காமல், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு.

நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகிறது என்று நம் தேசத்தில் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். இப்போது சொன்ன கணக்கைப் பாருங்கள். அதில் இரத்தம் எங்கே இருக்கிறது? சர்க்கரையும் புரதமும் துத்தநாகமும் தண்ணீரும் கலந்த சுரப்பு அது. எச்சிலும் கண்ணீரும் ஊறுவதுபோல ஊறிக்கொண்டே இருக்கும். வெளியேறாத விந்தணுக்கள் எங்கும் சேமிக்கப்பட்டுப் பலமாக மாறுவதில்லை. அவை முதிர்ந்து சிதைந்து உடம்பாலேயே உறிஞ்சப்படுகின்றன. சொப்பன ஸ்கலிதம் என்று பயமுறுத்தப்படுவது, பருவ வயது உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சுய இன்பத்தால் நரம்பு தளராது, கண் மங்காது, குழந்தை பிறக்காமல் போகாது.

விந்து போகிறது என்ற பயத்தில் உடல் தளர்ந்து, தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து வரும் இந்திய இளைஞர்களைப் பார்த்து, மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் 1960-இல் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, அவர்களுடைய களைப்பு உண்மை. அதற்குக் காரணம் விந்து போனதல்ல, பயம். அந்தப் பயத்தை வைத்துப் பெரிய வியாபாரம் நடக்கிறது. மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து நாடி பிடிப்பவர்களும், "இளமையில் செய்த தவறா?" என்று சுவரில் எழுதுபவர்களும், சிட்டுக்குருவி லேகியம் விற்பவர்களும் அந்தக் களைப்பைத்தான் காசாக்குகிறார்கள். மாணவர்களே, உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஒரு பைசா செலவில்லை. லேகியத்துக்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஊசியில் வராத ஆண்மை

1849-இல் கோட்டிங்கன் நகரத்தில் ஆர்னால்டு பெர்தோல்டு என்பவர் இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை எடுத்த சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, அவை கூவவில்லை, சண்டை போடவில்லை. அதே விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் பதித்தபோது கொண்டை வளர்ந்தது, கூவின. நரம்புத் தொடர்பே இல்லாமல் இது நடந்ததால், இரத்தத்தில் ஏதோ கலக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த 'ஏதோ' 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளையின் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் டெஸ்டோஸ்டிரோன்.

அதைச் சுரக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். ஒன்று லேடிக் செல்லைத் தூண்டும், மற்றது செர்ட்டோலி செல்லைத் தூண்டும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு வந்ததும் மூளை தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், "போதும்" என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும். விதை வேலையில்லாமல் சுருங்கும். விந்தணு உருவாக விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் அந்த அளவை அங்கே கொண்டுபோக முடியாது. வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்கு விந்தில் விந்தணுவே இல்லாமல் போனது. ஆண்மை கூடும் என்று நம்பிப் போடுகிற ஊசி, கருத்தடையாகச் சோதித்துப் பார்த்த அதே மருந்து. நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

விறைப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்குறியில் எலும்பு கிடையாது. பஞ்சுபோன்ற திசுவால் ஆன மூன்று தூண்கள் உண்டு. நரம்பு முனைகளும் இரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுவிக்கும்போது தமனிகள் விரிந்து, இரத்தம் நிறைந்து, வெளியேறும் சிரைகள் அழுத்தப்பட்டு அடைபடுகின்றன. இரத்தக் குழாய்களில் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, விறைப்பு இரத்தக் குழாயின் நலத்தைப் பொறுத்தது. ஆண்குறியின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் சிறிய குழாய் முதலில் அடைபடும். நாற்பது ஐம்பது வயதில் விறைப்புக் குறைந்து வந்தால், சில வருடங்களில் வரக்கூடிய மாரடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள், இதயத்தையும் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக விறைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சேர்த்துப் போட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

யாருடைய பங்கு?

இனி, தாய்மார்களுக்காகச் சொல்ல வேண்டியது. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவுப்புழுக்களின் விந்தணுக்களை ஆராய்ந்தார். பாதி விந்தணுக்களில் ஒரு பெரிய குரோமோசோம், மீதிப் பாதியில் அதன் இடத்தில் மிகச் சிறியது. சிறியது சேர்ந்தால் ஆண், பெரியது சேர்ந்தால் பெண் என்று கண்டார். மனிதனுக்கும் அப்படித்தான். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ். விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய். குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் எந்த விந்தணு முந்துகிறது என்பதில் இருக்கிறது. அதுவும் அவன் விருப்பத்தில் இல்லை. இந்த உண்மை தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பொட்டப்புள்ளையாகப் பெற்றுப்போட்டாள் என்று பெண்ணைத்தான் ஏசினார்கள், தள்ளிவைத்தார்கள், இரண்டாம் தாரம் தேடினார்கள். பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் வைக்க வேண்டிய நிலை நம் மாநிலத்துக்கு வந்தது.

குழந்தையின்மையிலும் இதே கதைதான். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் எப்போதாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளில் பல வலிக்கும், பணமும் அதிகம். ஆணுக்குச் செய்வது இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு கிண்ணத்தில் விந்து கொடுப்பது. மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது அதே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியின் கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் அப்பாவானவர்கள் உண்டு. மேலே இருந்தும் தாமதமானவர்கள் உண்டு. விறைப்பு நன்றாக இருக்கிறது, அதனால் எனக்குக் குறையில்லை என்று சோதனையை மறுப்பவர்களுக்கு, முன்பு சொன்ன இரண்டு தனித்தனி வழிகளை நினைவுபடுத்துகிறேன். டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்து, தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாமல், விந்தணு மட்டும் ஒன்றுகூட இல்லாமல் இருக்க முடியும். அது ஆண்மைக் குறைவும் அல்ல. மருத்துவம் பார்க்க வேண்டிய ஒரு நிலை, அவ்வளவுதான்.

அதே இரண்டு வழிகளை வைத்துத்தான் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் புரிந்துகொள்ள வேண்டும். வாசெக்டமியில் விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் போவதால் அதற்கு எந்தத் தடையும் இல்லை. மீசை, குரல், ஆசை, விறைப்பு எதுவும் மாறாது. திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் தருவதால் விந்தின் அளவுகூடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறையாது. சீனாவில் லி ஷுன்சியாங் 1974-இல் உருவாக்கிய முறையில் கத்தி வைக்காமல், சின்னத் துளை போட்டு, மரத்துப்போக ஊசி மட்டும் கொடுத்து, கால்மணி இருபது நிமிடத்தில் முடிக்கிறோம். அன்றே வீட்டுக்குப் போகலாம். நாளத்தில் மிச்சம் இருக்கும் விந்தணு தீர மூன்று மாதம் ஆகும். பரிசோதித்து "இல்லை" என்று வரும்வரை வேறு கருத்தடை வேண்டும்.

பெண்ணுக்கோ வயிற்றுக்குள் போய்ச் செய்ய வேண்டும். ஆபத்தும் வலியும் அதிகம். இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-இல் மட்டும், 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பகுதி ஆண்களுக்கு. பலரைக் கட்டாயப்படுத்தினார்கள். அந்தக் காயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சுமை முழுவதையும் பெண்ணின் வயிற்றுக்கு மாற்றிவிட்டு நாம் அமைதியாக இருந்துவிட்டோம். கட்டாயம் கூடாது. விவரம் தெரிந்து, இருவரும் பேசி, ஆணும் முன்வரும் நாள் வர வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீர்ப்பையின் வாயடியில் இருக்கும் புராஸ்டேட், இளமையில் 20 கிராம் அளவுதான். அதன் நடுவே சிறுநீர்க்குழாய் போகிறது. ஐம்பது வயதுக்கு மேல் அது வளர்வதால் சிறுநீர் சொட்டும், இரவில் எழுப்பும். மருந்து இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று சகித்துக்கொள்ள வேண்டாம். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எந்தத் தொல்லையும் தராது. எனவே சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். இளைஞர்களுக்கு வேறு எச்சரிக்கை. விதையில் வலியே இல்லாத கட்டி தென்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். விதைப் புற்றுநோய் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள்தான் அதிகம். சீக்கிரம் வந்தால் அநேகமாக எல்லோரையும் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் அது. அதிலும் தாமதத்துக்கு முக்கியமான காரணம் வெட்கம்.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. குழந்தைக்காக டாக்டரிடம் போனால் கணவனும் மனைவியும் ஒரே நாளில் போங்கள், இருவருக்கும் ஒரே நாளில் சோதனை எழுதச் சொல்லுங்கள். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும் முன், அவன் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்பதை அப்பாவோ மாமாவோ உட்கார்ந்து சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பாடத்தை அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள், மற்ற பாடங்களைப் போலவே நடத்துங்கள். கருத்தடை என்ற பேச்சு வீட்டில் வந்தால், "நான் செய்துகொள்கிறேன்" என்று ஆண் ஒரு முறையாவது சொல்லிப் பாருங்கள்.

ஆண்மை என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். தன் உடம்பைத் தானே அறிந்து, அதன் பொறுப்பை மனைவி மேலும் மகன் மேலும் போடாமல் ஏற்றுக்கொள்வதையே நான் முதல் ஆண்மையாகச் சொல்வேன். கேள்விகள் இருக்கும். எல்லோர் முன்னாலும் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன்.